மீன் தொட்டி கேள்வி பதில்: பாசியும் விளக்கும்

வெயில் ஏறினால் எனக்கு வரும் கடிதங்களிலும் பாசி ஏறிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை பாசிப் புகார்கள், மிச்சம் எந்த லைட் வாங்குவது என்ற கேள்விகள். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். உயிருள்ள செடி வைத்த நன்னீர்த் தொட்டிகளுக்குத்தான் இந்தப் பதில்கள். பிளாஸ்டிக் செடி வைத்திருப்பவர்கள் விளக்கு நேரத்தைக் குறைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தால் போதும்.

சார், என் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். ரோட்டாலா, லுட்விஜியா என்று சிவப்புச் செடிகள் ஆசைப்பட்டு 3000 லூமன் ஆர்ஜிபி எல்இடி லைட் மாட்டினேன். காலை 9 மணிக்குப் போட்டால் இரவு 10 மணிக்குத்தான் நிறுத்துகிறோம். ஒரே மாதத்தில் செடி முழுக்கப் பச்சை நூல் சுற்றிக்கொண்டது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது. கடையில் பாசி மருந்து ஒன்று தருகிறார்கள், ஊற்றலாமா?
*ஃபேர்லேண்ட்ஸ் வாசகர், சேலம்*

ஊற்றாதீர்கள். இந்த மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கும், நத்தையும் இறாலும் முதலில் போகும். செம்பு இல்லாத மருந்தாகவே இருந்தாலும் செத்த நூல் தொட்டிக்குள்ளேயே அழுகி அமோனியாவை விடும். அமோனியாவும் பலமான வெளிச்சமும் ஒன்றாகக் கிடைத்தால் பாசி வித்துகளுக்குக் கொண்டாட்டம், இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கடை வாசலில் நிற்பீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் தொட்டி வெளி அளவில் 70 லிட்டர், மண்ணும் கல்லும் மேலே விட்ட இடமும் போக 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். 3000 லூமனை 60-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 50. செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் புழங்கும் குத்துமதிப்பான அளவு ஒன்று உண்டு: லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் வரை குறைந்த வெளிச்சம், 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் அதிகம். நீங்கள் அதிகத்தில் இருக்கிறீர்கள். அதுவும் உங்களுடையது ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி எல்இடிகள் வைத்த லைட். லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்ற அளவு, கண்ணோ பச்சைக்குத்தான் அள்ளி மதிப்பெண் போடும், சிவப்பையும் நீலத்தையும் குறைத்துப் போடும். செடி அப்படிப் பார்க்காது. ஆக, பெட்டியில் எழுதியிருக்கும் 3000 காட்டுவதைவிடக் கூடுதலாகவே உங்கள் செடிக்குப் போய்ச் சேருகிறது, அதுவும் 13 மணி நேரம்.

வெளிச்சம் கூடக்கூட செடி வேகமாக வேலை செய்யப் பார்க்கும். விசைத்தறியை வேகமாக ஓட்டினால் ஊடை நூலும் அதே வேகத்தில் வந்தாக வேண்டும், இதைச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செடிக்கு அந்த ஊடை நூல் கார்பன் டை ஆக்சைடு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. சிலிண்டர் இல்லாத தொட்டியில் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் இருந்தாலே அதிகம், சிலிண்டர் வைத்தவர்கள் அதை 30 வரை ஏற்றிவைக்கிறார்கள். உங்கள் தொட்டியில் விளக்கு எரியத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இருந்த கார்பன் தீர்ந்துவிடுகிறது, மிச்ச நேரமெல்லாம் செடி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறது. அப்படி நிற்கும் செடியின் பழைய இலைகள் நலிந்து கசியத் தொடங்கும். பாசிக்குத் தேவை சொற்பம், அந்தக் கசிவிலேயே அது குடும்பம் நடத்திவிடும்.

சரி, என்ன செய்வது. இன்றைக்கே ஒரு டைமர் வாங்கி விளக்கை 6 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். கையால் போட்டு நிறுத்துகிறவர்கள் யாரும் நேரம் தவறாமல் செய்ததில்லை, நீங்களும் செய்யமாட்டீர்கள். லைட்டில் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் 40 சதவீதத்தில் வையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் மட்டத்திலிருந்து 20, 25 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். நூலைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றி வெளியே எடுங்கள், எடுத்த கையோடு பாதித் தண்ணீரை மாற்றுங்கள், இதை வாரம் ஒருமுறை. மீன் தீனியை ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்குக் குறையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், செடி போதாது. நாலைந்து தண்டுகளை ஆங்காங்கே நட்டுவிட்டு நடுவில் வெறும் மண்ணைக் காட்டுவது படத்துக்கு அழகு, பாசிக்கும் அழகு. ஹைக்ரோஃபிலா, வாலிஸ்னேரியா, ஹார்ன்வார்ட் போல மளமளவென்று வளருகிற செடிகளை மண்ணில் முக்கால் பங்கு மறைகிற மாதிரி அடைத்து நடுங்கள், தொட்டி தேறிய பிறகு வேண்டாததைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

பாசி பிடித்த இலை திரும்ப அழகாகாது, வெட்டிப் போடுங்கள். மூன்று நாலு வாரம் கழித்துப் புதிய துளிர் சுத்தமாக வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ரோட்டாலாவின் சிவப்பு குறைந்து பச்சையாகத்தான் நிற்கும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிவப்பேதான் வேண்டுமென்றால் இதே லைட்டை வைத்துக்கொண்டு சிலிண்டர் போடலாம். விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயு திறக்க வேண்டும், அளவு மீறினால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், செடியைக் கத்தரிக்கும் வேலையும் இரண்டு மடங்காகும். முதல் தொட்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அண்ணா, ரெண்டடி டேங்க்குக்கு வீட்டு எல்இடி டியூப் லைட் போதுமா? செடிக்கென்று விற்கும் லைட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 6500 கே, 10000 கே, ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*கல்லூரி மாணவர், அம்மாபேட்டை*

போதும் தம்பி. 2 அடி நீளத்தில் 10 வாட் எல்இடி பேட்டன் ஏறத்தாழ 1000 லூமன் தரும். 60 லிட்டருக்கு வகுத்தால் லிட்டருக்கு 16, 17 வருகிறது. ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா, மாஸ் எல்லாம் இதில் நிம்மதியாக வளரும். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது, மிச்சத்துக்குச் செடி வாங்குங்கள்.

6500 கே என்பது அந்த வெளிச்சம் நம் கண்ணுக்கு என்ன நிறமாகத் தெரிகிறது என்று சொல்லும் எண். 3000 மஞ்சளாக, 6500 பகல் வெளிச்சம் போல, 10000 நீலம் ஓடியதாக இருக்கும். செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள வெளிச்சம் எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொள்கிறது, நம் வீட்டு வெள்ளை எல்இடி அந்த எல்லை முழுவதையும் ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது, உள்ளே இருப்பது ஒரு நீல எல்இடி, அதன் மேல் பூசிய பாஸ்பர் மற்ற நிறங்களைக் கொடுக்கிறது. ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் எந்த டப்பாவிலும் ஒட்டலாம், அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். காசு கொடுப்பதென்றால் நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்குக் கொடுங்கள், பெட்டியில் சிஆர்ஐ என்று போட்டிருப்பார்கள், 90-க்கு மேல் இருந்தால் மீனின் நிறமும் இலையின் நிறமும் நன்றாக எடுத்துக்கொடுக்கும். இது உங்கள் கண்ணுக்கான செலவு, செடிக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நாற்றங்காலுக்கு விற்கும் ஊதா லைட்டிலும் செடி வளரும், ஆனால் கூடத்தில் வைத்தால் வருகிறவர்கள் எல்லோரும் என்ன கோயில் திருவிழாவா என்று கேட்பார்கள்.

கேலனுக்கு இத்தனை வாட் என்ற பழைய கணக்கை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது பழைய குழல் விளக்குக் காலத்து வாய்ப்பாடு, எல்இடியில் ஒரே வாட்டுக்கு வரும் வெளிச்சம் வேறு. உயரத்தையும் பாருங்கள், விளக்கிலிருந்து தூரம் போகப் போக வெளிச்சம் விரிந்து குறைந்துவிடும், ஒன்றேகால் அடித் தொட்டிக்குப் போதுமான பேட்டன் இரண்டடி உயரத் தொட்டியின் அடியில் இருக்கும் செடிக்குப் போதாது, அப்போது இரண்டாவது பேட்டன் ஒன்றைப் பக்கத்தில் மாட்டுங்கள். லைட் தொட்டியின் முழு நீளத்துக்கும் இருக்கட்டும், நடுவில் மட்டும் இருந்தால் ஓரத்துச் செடிகள் எல்லாம் நடுவுக்குச் சாயும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, வீட்டு பேட்டன் தண்ணீருக்காகச் செய்தது கிடையாது. தொட்டி மேல் கண்ணாடி மூடி போட்டு அதற்கு மேலே சட்டம் கட்டி மாட்டுங்கள், அல்லது ஐபி65 என்று போட்ட, தண்ணீர் புகாத வகையை வாங்குங்கள். ஒயர் சுவிட்ச் பெட்டிக்கு நேராக ஏறக்கூடாது, ஒரு வளைவு கீழே தொங்கி அப்புறம் மேலே போக வேண்டும், வழியும் சொட்டு வளைவில் நின்று தரையில் விழும். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் போடச் சொல்லுங்கள், தொட்டியெல்லாம் அப்புறம். கண்ணாடி மூடியை வாரம் ஒருமுறை துடையுங்கள், உப்புப் படிந்த மூடி வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இரவு முழுக்க நீல விளக்கு எரியவிடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த நீலத்தையும் பாசி சாப்பிடும், மீனுக்கும் தூங்க இருட்டு வேண்டும்.

புதுத் தொட்டி வைத்து மூன்று வாரம். கண்ணாடி, இலை, கல் எல்லாவற்றிலும் பழுப்பு நிறத் தூள் படிகிறது. துடைத்தால் உடனே போய்விடுகிறது, மறுபடி வருகிறது. லைட் குறைவாக இருப்பதால்தான் பழுப்புப் பாசி என்றார்கள், கூட்டட்டுமா?
*சூரமங்கலம் வாசகர்*

கூட்டாதீர்கள். அது டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி, ஓடு சிலிக்காவால் ஆனது, ஏறக்குறைய எல்லாப் புதுத் தொட்டியிலும் வரும், ஃபில்டரில் பாக்டீரியா நிலைத்துச் செடி வேர்பிடித்த பிறகு தானாகப் போகும். துடைத்துக்கொண்டே இருங்கள். அவசரம் என்றால் நாலைந்து நெரைட் நத்தை விடுங்கள்.

வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள்ளேயே எங்கள் வீடு. காலை வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் தொட்டி வைத்து, காபிச் செடி அடியில் இருந்த கறுப்பு மண்ணைப் போட்டு மேலே மணல் பரப்பினோம். இப்போது எதிர்ப்பக்கம் தெரியாத அளவுக்குத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. வாங்கி விட்ட செர்ரி இறால்கள் இரண்டே நாளில் செத்துவிட்டன. கப்பி மீன்கள் மட்டும் ஒன்றும் ஆகாமல் சுற்றுகின்றன. தண்ணீர் கெட்டுவிட்டதா?
*ஏற்காட்டு வாசகி*

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள், அம்மா. பச்சைத் தண்ணீர் இறாலைக் கொல்லாது, அது இறால் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. என் சந்தேகமெல்லாம் மண் மேல்தான். காபியில் இலைத்துருவுக்கும், காபி மரத்தோடு ஏற்றிவிட்ட மிளகுக் கொடியின் வாடலுக்கும் போர்டோ கலவை அடிப்பது மலைத்தோட்டங்களில் காலங்காலமான வழக்கம், உங்களுக்குத் தெரியாததல்ல. அது மயில்துத்தமும் சுண்ணாம்பும், அதாவது செம்பு. அடித்த செம்பு மழையில் முழுக்கக் கரைந்து போய்விடாது, இலைமக்கு நிறைந்த மேல்மண்ணில் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். கப்பி தாங்கும் அளவில் இறாலும் நத்தையும் தாங்காது, உப்பில்லாத மென்மையான தண்ணீரில் செம்பின் விஷம் இன்னும் கடுமை, மலையில் உங்களுக்கு வரும் ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அமோனியாவாக இருந்திருந்தால் கப்பிகளும் வாடியிருக்கும். அந்தத் தோட்டத்து மண்ணில் மருந்து அடித்த வரலாறு இருந்தால் மொத்த மண்ணையும் எடுத்துவிடுங்கள், கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். மருந்து படாத, எருவும் போடாத இடத்திலிருந்து சாதாரணத் தோட்டமண் எடுத்துச் சலித்து, தண்ணீரில் ஊறவைத்து வடித்துக் காயவைத்து, இப்படி மூன்று நாலு முறை செய்த பிறகு 2 சென்டிமீட்டர் பரப்பி, அதற்கு மேல் 3 சென்டிமீட்டர் மணல் மூடினால் நல்ல அடித்தளம். இறால் வேண்டாம், கப்பியே போதும் என்றால் இருக்கிற மண்ணோடு ஓட்டலாம்.

பச்சைத் தண்ணீருக்கு வருகிறேன். அது மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. புது மண்ணிலிருந்து கசியும் அமோனியாவும் நேர் வெயிலும் சேர்ந்து கொண்டுவந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி அலுத்துப்போவீர்கள், பாதியை ஊற்றினால் மிச்சப் பாதி ஓரிரு நாளில் பழைய அளவுக்குப் பெருகிவிடும். தொட்டியைக் கம்பளியால் நாலு பக்கமும் மேலேயும் மூடி 4 நாள் முழு இருட்டில் வையுங்கள். காற்றுக் கல் ஓடட்டும், தீனி வேண்டாம், கப்பிக்கு 4 நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. இடையில் திறந்து பார்க்காதீர்கள், குழந்தைகள் இருந்தால் இதுதான் கஷ்டம். ஐந்தாம் நாள் பாதித் தண்ணீர் மாற்றி, தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள், முடியாவிட்டால் கெட்டித் திரை போடுங்கள். அப்படியும் திரும்பினால் யுவி ஃபில்டர் ஒன்றைச் சில நாள் ஓட்டினால் கட்டாயம் தெளியும்.

மற்றபடி 1500 மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு செடித் தொட்டி வைத்திருக்கிறீர்கள், கீழே வெயிலில் காய்கிற நாங்கள் பொறாமைப்படலாம். தண்ணீர் 22 முதல் 26 டிகிரியில் நின்றால் செடிகளுக்கு அதைவிட வேறு சொர்க்கம் இல்லை. மார்கழி, தை இரவுகளுக்கு மட்டும் கப்பிக்காக ஒரு ஹீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணிதான் ஊற்றுகிறோம். அழகுக்காகப் பக்கத்து வெள்ளைக்கல் கரட்டுக் கற்களைக் கழுவிப் போட்டிருக்கிறோம், வினிகர் ஊற்றிப் பார்த்தேன், நுரைக்கவில்லை. இப்போது கல் மீதும் அனூபியாஸ் இலை ஓரத்திலும் கறுப்பாகக் குஞ்சம் குஞ்சமாக ஏதோ முளைக்கிறது, நகத்தால் சுரண்டினாலும் வருவதில்லை.
*செட்டிச்சாவடி வாசகர்*

உங்கள் ஊர் வெள்ளைக்கல் என்றால் அது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் வினிகரில் உடனே பொங்கும், மேக்னசைட் குளிர்ந்த மென்அமிலத்தில் அசைந்துகொடுக்காது, அதனால் உங்கள் வினிகர் சோதனை உங்களை ஏமாற்றிவிட்டது. தொட்டியில் அது மிக மெதுவாகத்தான் கரையும், பாசிக்கு அது காரணமும் இல்லை, ஆனால் ஏற்கெனவே கடினமான போர் தண்ணீரில் எதற்கு இன்னும் கொஞ்சம். எடுத்துவிடுங்கள். அதைவிடப் பெரிய விஷயம், தினமும் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கிறது, நீங்கள் மறுபடி போர் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சமன் செய்கிறீர்கள், இரண்டு மாதத்தில் தொட்டித் தண்ணீர் போரைவிடக் கடினமாகிவிடும். குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள், வாராந்திர மாற்றத்துக்குப் போர் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊற்றாதீர்கள், அதில் செடிக்கும் மீனுக்கும் வேண்டிய தாதுக்களே இருக்காது. மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் குடிநீர் கிடைத்தால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டோ குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டோ பயன்படுத்தலாம்.

கடினத் தண்ணீரில் ஒரு நல்லதும் உண்டு. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வார்ட் மூன்றும் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்துபோனால் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும். உங்கள் தண்ணீருக்கு அவைதான் செடி. இலைமேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் பயப்பட வேண்டாம், அந்த வேலையின் மிச்சம்தான் அது.

அப்புறம் அந்தக் கறுப்புக் குஞ்சம். கறுந்தாடிப் பாசி, பெயர்தான் கறுப்பு, சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. அழுக்கு சேர்ந்த தொட்டியிலும், கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்கும் தொட்டியிலும், அனூபியாஸ் போல மெதுவாக வளரும் இலைகளிலும் வரும். ஃபில்டர் பஞ்சைக் கடைசியாக எப்போது அலசினீர்கள்? தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாய்த் தண்ணீரில் வேண்டாம். மண்மேல் தங்கிய கழிவைச் சைஃபன் போட்டு உறிஞ்சுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் வீடு என்றால் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் தண்ணீர் நின்று பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும், கரண்ட் வந்ததும் அந்த அழுகல் அப்படியே தொட்டிக்குள் வரும், சில மணி நேரம் நின்றுபோன ஃபில்டரை அலசிவிட்டு ஓட்டுவது நல்லது.

மோசமான இலையை வெட்டிவிடுங்கள். கல்லை வெளியே எடுக்க முடிந்தால் எடுத்து வெந்நீரில் போடுங்கள். எடுக்க முடியாத இடத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் வாங்கும் பாட்டிலில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து 3 ஆக்கிக்கொள்ளுங்கள், 40 லிட்டருக்கு 10 மில்லிக்கு மேல் போகவேண்டாம். ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசி போடாத சிரிஞ்சால் குஞ்சத்தின் மேலேயே மெதுவாக விட்டு, 10 நிமிடம் கழித்து ஃபில்டரை ஓட்டுங்கள். சில நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது என்று அர்த்தம். திரவக் கார்பன் என்று விற்பதும் இதைக் கொல்லும், ஆனால் அதிலிருப்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு, மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் சரக்கு, வாலிஸ்னேரியா அதில் உருகிப்போகும். நீங்கள் வாலிஸ்னேரியா வைக்கப்போகிறவர், அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள்.

கண்ணாடியில் பச்சைப் புள்ளி புள்ளியாகக் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. உரம் போட்டதால்தான் என்று எல்லா உரத்தையும் நிறுத்திவிட்டேன், இன்னும் கூடியிருக்கிறது.
*ஓமலூர் வாசகர்*

கூடத்தான் செய்யும். பச்சைப் புள்ளிப் பாசி வெளிச்சம் அதிகமாகவும் பாஸ்பேட் குறைவாகவும் இருக்கும் தொட்டியில் வருவது. பழைய பிளேடால் சுரண்டுங்கள், அக்ரிலிக் தொட்டி என்றால் பழைய ஏடிஎம் கார்டு. விளக்கை ஒரு மணி நேரம் குறைத்து, உரத்தை மறுபடி தொடங்குங்கள், அதில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். செடி நிறைந்த தொட்டியில் உரத்தால் பாசி வருகிறது என்பது கடைக்குக் கடை சொல்லும் கதை. செடியைப் பட்டினி போட்டால் முதலில் சாவது செடிதான், பாசி கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.

பாசி தின்ன சக்கர் மீன் இரண்டு வாங்கட்டுமா?
*ஆத்தூர் வாசகி*

வேண்டாம். குட்டியாக இருக்கும்போது கொஞ்சம் தின்னும், வளர்ந்த பிறகு மீன் தீனிக்குப் பழகிவிடும், ஓர் அடிக்கு மேல் வளரும், செடியைப் பிடுங்கும், தின்பதைவிட அதிகமாகக் கழிவு போடும். பிறகு பாவம் என்று ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் இது ஏற்கெனவே பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது, எங்கள் சேலத்து மூக்கனேரிக்கும் வேண்டாம், உங்கள் ஊர் ஏரிக்கும் வேண்டாம். நூல் பாசிக்கு அமானோ இறால் நல்ல வேலைக்காரன், ஜப்பானியர் தகாஷி அமானோ செடித் தொட்டிகளில் புழங்கிப் பிரபலமாக்கியதால் அந்தப் பெயர். கறுந்தாடிக்கு உண்மையான சயாமீஸ் ஆல்கே ஈட்டர், உடம்பின் கறுப்புக் கோடு வாலின் நுனி வரை போக வேண்டும், வாலுக்கு முன்னாலேயே நின்றால் அது வேறு மீன்.

அண்ணா, மண்ணுக்கு மேலே கரும்பச்சையில் வழவழவென்று ஆடை போல விரிகிறது, உறிஞ்சி எடுத்தால் முடைநாற்றம். எரித்ரோமைசின் மாத்திரை போட்டால் போகும் என்கிறார்கள், மருந்துக் கடையில் வாங்கட்டுமா?
*குகை வாசகர்*

மாத்திரை வேலை செய்யும், ஏனென்றால் இது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா, செடி போல வெளிச்சத்தில் வளரும் பாக்டீரியா. ஆனாலும் வாங்காதீர்கள். வீட்டுத் தொட்டிக்காக ஆன்டிபயாடிக்கைக் கரைத்துச் சாக்கடையில் ஊற்றுவது ஊருக்கே கெடுதல், ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபடலாம். குழாய் வைத்து முழுக்க உறிஞ்சி எடுங்கள், 3 நாள் இருட்டடிப்பு, பிறகு பாதித் தண்ணீர் மாற்றம். அது வந்த மூலையில் தண்ணீர் ஓட்டம் குறைவாக இருக்கும், ஃபில்டர் வாயை அந்தப் பக்கம் திருப்புங்கள். நைட்ரேட் சுத்தமாக இல்லாத தொட்டியிலும் இது வரும், நைட்ரேட் சோதனையில் பூஜ்யம் காட்டினால் நைட்ரேட் உள்ள உரம் கொஞ்சம் போடுங்கள்.

காலையில் வேலைக்குப் போகும் முன்பும், இரவு வந்த பிறகும்தான் தொட்டியைப் பார்க்க நேரம். அதுவரை லைட் எரிந்தால் 14 மணி நேரம் ஆகிறது. மே மாதத்தில் தண்ணீர் 33 டிகிரி போகிறது, வேறு வழி உண்டா?
*ஐந்து ரோடு வாசகர்*

விளக்கை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காலை 6 மணி முதல் 8.30 வரை, மாலை 6 முதல் 10 வரை, ஆக ஆறரை மணி நேரம். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு இந்த இடைவேளை நல்லதே செய்யும், விளக்கு அணைந்த பகல் நேரத்தில் மீனும் பாக்டீரியாவும் விடும் கார்பன் டை ஆக்சைடு மறுபடி சேர்ந்துகொள்ளும், மாலையில் செடிக்குப் புதுச் சரக்கு. சிலிண்டர் வைத்தவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்கள் ஒரே தொடர்ச்சியாக எரிக்கட்டும். பகலில் அறையில் நேர் வெயில் வந்தால் அதுவும் கணக்கில் சேரும், ஜன்னலைச் சாத்திவிட்டுப் போங்கள்.

33 டிகிரி செடிக்கும் மீனுக்கும் அதிகம், சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகக் கரையும், கார்பன் டை ஆக்சைடும் குறைவாகக் கரையும். மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி சின்ன ஃபேன் ஒன்று வையுங்கள், ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும், மீன் குதிக்காமல் வலை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வேகமாகக் குறையும், செட்டிச்சாவடிக்காரருக்குச் சொன்னபடி ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். ஐஸ் பாட்டில் போடுகிறவர்கள் உண்டு, திடீரென்று இறங்கித் திடீரென்று ஏறும் சூட்டை மீன் தாங்காது, ஃபேனே போதும். மே முடியும் வரை தீனியைப் பாதியாக்குங்கள், புதிதாக மீன் எதுவும் வாங்காதீர்கள்.